எண்ணெய் விலையும் ஏழை வீட்டுக் கணப்பும்: அமெரிக்கா, 1973–1996

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் குளிர்கால எரிபொருள் செலவில் மத்திய அரசு பங்கேற்கத் தொடங்கியது 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான். அதற்கு முன் எண்ணெயும் எரிவாயுவும் மின்சாரமும் மலிவாகக் கிடைத்தன. அரசின் நல உதவித்தொகையை நம்பி வாழும் குடும்பம், வாடகையையும் கணப்புச் செலவையும் அந்தத் தொகைக்குள்ளேயே சமாளித்துக்கொள்ளும் என்று அதிகாரிகள் கணக்கிட்டார்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு ஒரு மூட்டை நிலக்கரியோ ஒரு வண்டி விறகோ கொடுப்பது ஊர் நிர்வாகத்தின், தேவாலயத்தின் தர்ம காரியமாக இருந்தது.

1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் தந்த அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதில்லை என்று அரபு நாடுகள் முடிவெடுத்தன. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த சவூதி எண்ணெயின் அறிவிப்பு விலை, 1974 ஜனவரி 1-ஆம் தேதி 11 டாலர் 65 சென்ட் ஆனது. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசைகட்டி நின்ற படங்கள் உலகெங்கும் வெளியாயின. வடகிழக்கு மாநிலங்களின் வீடுகளுக்குள் நடந்தது எந்தப் படத்திலும் வரவில்லை.

மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் போன்ற மாநிலங்களின் சிற்றூர்களுக்கு எரிவாயுக் குழாய் போகவில்லை. அங்கே வீட்டைச் சூடாக்குவது எண்ணெய்தான். வீட்டின் நிலவறையில் 275 காலன், அதாவது சுமார் 1,040 லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டி ஒன்று நிற்கும். டேங்கர் லாரிக்காரர் வெளிச்சுவரில் துருத்தி நிற்கும் குழாயில் ஹோஸைப் பொருத்தி அதை நிரப்பிவிட்டுப் போவார். தொட்டியின் மேலுள்ள சிறு கண்ணாடிக் கூட்டுக்குள் மிதவை காட்டும் அளவைப் பார்த்து, இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று வீட்டார் கணக்குப் போடுவார்கள். எரிவாயுவும் மின்சாரமும் பயன்படுத்துகிறவருக்குச் செலவழித்த பிறகுதான் பில் வரும்; தாமதித்தாலும் ஓரிரு மாதம் ஓட்டலாம். எண்ணெய்க்கு முதலிலேயே காசு வைத்தாக வேண்டும். பழைய பாக்கி உள்ளவருக்கு வியாபாரி கடன் தரமாட்டார். 20 காலனுக்காக லாரியை அனுப்பவும் மாட்டார். கையில் கொஞ்சமே பணம் உள்ளவர் ஐந்து காலன் கேனைத் தூக்கிக்கொண்டு பங்குக்குப் போய் மண்ணெண்ணெயோ டீசலோ வாங்கி வந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். காலன் ஒன்றுக்கு அவர் கொடுக்கும் விலை, தொட்டியை நிரப்பிக்கொள்ளும் வசதி உள்ளவர் கொடுப்பதைவிட அதிகம். வறுமைக்கு விதிக்கப்படும் இந்த அபராதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கணப்பு நின்றுபோனால் ஆபத்து குளிரோடு முடிவதில்லை. வெளியே சுழியத்துக்குக் கீழே 15, 20 பாகை செல்சியஸ் இருக்கும்போது சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. முதியவர்களுக்கு உடல் வெப்பம் மெதுவாகத் தாழ்ந்துகொண்டே போகும். ஆபத்தை அவர்களே உணராத நிலையிலும் உயிர் பிரிந்துவிடும். அடுப்பைத் திறந்துவைத்தும், கரிச்சட்டியை உள்ளே கொண்டுவந்தும் குளிர்காயும் வீடுகளில் தீயும் நச்சுப்புகையும் உயிர் பறிக்கும்.

முதல் முயற்சி வாஷிங்டனில் திட்டமிடப்படவில்லை. 1964-ஆம் ஆண்டின் வறுமை ஒழிப்புச் சட்டத்தால் நாடெங்கும் ஏற்பட்ட சமூகச் செயல் அமைப்புகள் இந்தச் சமயத்தில் தடுமாறிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பணம் தந்த பொருளாதார வாய்ப்பு அலுவலகத்தை மூடிவிடுவதில் அதிபர் நிக்சன் முனைப்பாக இருந்தார். மெய்ன் மாநிலத்து அமைப்புகள் கையில் இருந்த நிதியைக் கொண்டே 1973–74 குளிர்காலத்தில் ‘பிராஜெக்ட் ஃபியூவல்’ என்ற வேலையைத் தொடங்கின. ஏழைகளின் வீடுகளுக்குப் போய் ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் அடித்தார்கள், சட்ட இடுக்குகளைப் பூசி அடைத்தார்கள், கதவு விளிம்பில் பட்டை ஒட்டினார்கள். அடித்தளத்தைச் சுற்றிலும் ஊசியிலை மரக்கிளைகளை அடுக்கிக் காற்றைத் தடுப்பது அந்தப் பக்கத்து விவசாயிகளின் பழைய வழக்கம். அதன் தொடர்ச்சி என்றே இந்த வேலையைச் சொல்லலாம். இதிலிருந்து வளர்ந்ததுதான் 1976-ஆம் ஆண்டின் எரிசக்திச் சிக்கனச் சட்டத்தால் நாடு முழுமைக்கும் வந்த வீட்டுக் காப்புத் திட்டம்.

அந்த வேலையின் பயன் நிலையானது. ஒருமுறை அடைத்த இடுக்கு பல குளிர்காலங்களுக்கு எண்ணெயை மிச்சப்படுத்தும். ஆனால் ஒவ்வொரு வீடாகத்தான் அதைச் செய்ய முடியும். தொட்டி காலியாகிவிட்ட குடும்பத்துக்கு அன்றைக்குத் தேவைப்படுவது எண்ணெய். வீட்டைச் சீராக்குவதா, பில்லைக் கட்டுவதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. பின்னால் வந்த எல்லாச் சட்டங்களிலும் அது தொடர்கிறது.

1976–77 குளிர்காலம் இந்த விவாதத்தை அவசரமாக்கியது. ஒஹாயோ ஆறு உறைந்தது. ஜனவரி 19 அன்று மயாமியில் பனித்துகள் விழுந்தது. அந்த மாதக் கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் பனிப்புயலில் புதைந்துபோனது. குளிரோடு எரிவாயுப் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. மாநில எல்லை தாண்டும் எரிவாயுவுக்கு மத்திய அரசு விலைக் கட்டுப்பாடு வைத்திருந்தது. மாநிலத்துக்குள் விற்கும் எரிவாயுவுக்குக் கட்டுப்பாடு இல்லை. உற்பத்தியாளர்கள் டெக்சஸ், லூசியானா மாநிலங்களுக்குள்ளேயே நல்ல விலைக்கு விற்றார்கள். வடக்கே குழாய்கள் வற்றின. ஒஹாயோவில் பள்ளிகள் மூடப்பட்டன, ஆலைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஜனவரி 20 அன்றுதான் ஜிம்மி கார்ட்டர் அதிபராகப் பதவியேற்றிருந்தார். பிப்ரவரி 2 அன்று, கம்பளிச் சட்டை அணிந்து கணப்பருகே அமர்ந்து தொலைக்காட்சியில் பேசினார். வீட்டு வெப்பநிலையைப் பகலில் 65, இரவில் 55 பாகை ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 18, 13 செல்சியஸுக்குக் குறைத்துக்கொள்ளும்படி மக்களைக் கேட்டார். அக்கறையோடு சொல்லப்பட்ட யோசனை அது. ஆனால் எவ்வளவு எரித்தாலும் 18 பாகையை எட்டாத வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குக் குறைத்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஏழைகளின் எரிபொருள் பாக்கிகளுக்காக 20 கோடி டாலர் ஒதுக்கியது. பழைய பொருளாதார வாய்ப்பு அலுவலகத்துக்குப் பதிலாக உருவாகியிருந்த சமூகச் சேவை நிர்வாகம் அதைப் பங்கிட்டது. ஆனால் மசோதா நிறைவேறியபோது வசந்தம் வந்துவிட்டது. பணம் பெரும்பாலும் முடிந்துபோன குளிர்காலத்தின் பாக்கிகளைத் தீர்க்கவே போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளும் இதேபோல் அவசர நிதி வந்தது. அரசின் கண்ணில் இது ஒரு விபத்துக்கான நிவாரணம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் வரும் என்பது அந்தச் சட்டங்களின் வாசகத்தில் எங்கும் இல்லை.

இதே காலத்தில் நீதிமன்றத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. டென்னஸி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் ஒரு குடும்பம் வாங்கிய வீட்டில் இரண்டு மின் மீட்டர்களும் இரண்டு எரிவாயு மீட்டர்களும் இருந்தன. ஒரே வீட்டுக்கு இரண்டு பில்கள் வந்தன. என்ன குழப்பம் என்று கேட்டுப் போனவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. இணைப்பு மட்டும் திரும்பத் திரும்பத் துண்டிக்கப்பட்டது. 1978-இல் உச்ச நீதிமன்றம், நகராட்சி நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கும் முன் பில்லை மறுத்து முறையிட வழி உண்டு என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சொன்னது. பில்லைக் கட்ட முடியாதவருக்கு இந்தத் தீர்ப்பு பணம் தரவில்லை. ஆனாலும் விளக்கும் வெப்பமும் வாழ்வின் அவசியங்கள் என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டது.

1979-இல் ஈரானியப் புரட்சியைத் தொடர்ந்து எண்ணெய் விலை மறுபடியும் ஏறியது. 1978-இல் காலன் சுமார் 50 சென்ட்டுக்குக் கிடைத்த வீட்டுக் கணப்பு எண்ணெய், 1981-இல் 1 டாலர் 20 சென்ட்டை நெருங்கியது. இந்த நேரத்தில் கார்ட்டர் எடுத்த முடிவு ஏழைகளுக்கு உடனடிச் சுமையாக வந்தது. உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீதான விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்குவதாக 1979 ஏப்ரலில் அவர் அறிவித்தார். உலக விலைக்கு விற்கும் நிறுவனங்களுக்கு உழைக்காமல் கிடைக்கும் கூடுதல் லாபத்தின் மீது வரி போட்டு, அதில் ஒரு பங்கை ஏழைகளின் எரிபொருள் உதவிக்குத் தருவது அவர் சொன்ன ஈடு. இந்த உதவியின் அரசியல் பிறப்பிடம் இதுவே. விலையை ஏற்றிவிடும் கொள்கைக்குச் செலுத்திய நஷ்டஈடாகத்தான் இது சட்டப் புத்தகத்துக்குள் வந்தது.

1980 ஏப்ரல் 2 அன்று அந்த வரிச் சட்டத்தில் கார்ட்டர் கையெழுத்திட்டார். அதன் ஒரு பகுதியே வீட்டு எரிசக்தி உதவிச் சட்டம். வரி வருவாயில் கால் பங்கு ஏழைகளுக்கு என்று எழுதப்பட்டிருந்தது; ஆனால் அதற்கெனத் தனிக் கணக்கு திறக்கப்படவில்லை. வருவாய் பொதுக் கஜானாவுக்குப் போனது, உதவிக்கான தொகையைக் காங்கிரஸ் ஆண்டுதோறும் புதிதாக முடிவு செய்தது. 1981 நிதியாண்டுக்குச் சட்டம் அனுமதித்தது 311.5 கோடி டாலர். ஒதுக்கப்பட்டது 185 கோடி. வரியோ எண்ணெய் விலை சரிந்த பிறகு வருமானம் வற்றி, 1988-இல் நீக்கப்பட்டது. ஏழைகளுக்கு அந்தக் கால் பங்கு உறுதியான உரிமையாகத் தரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வருவாய் கொழித்த ஆண்டுகளிலும் அது முழுமையாகத் தரப்படவில்லை.

புதிய சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே, 1979–80 குளிர்காலத்துக்காக 160 கோடி டாலர் அவசரமாக வழங்கப்பட்டது. இதில் 40 கோடி, முதியோர், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான மத்திய உதவித்தொகையைப் பெறுவோருக்கு ஒரே ஒரு காசோலையாகத் தபாலில் போனது. விண்ணப்பம் இல்லை, வரிசை இல்லை. பெயர்ப்பட்டியல் ஏற்கெனவே அரசிடம் இருந்தது. வேகத்தில் இதற்கு இணை கிடையாது. ஆனால் அந்தக் காசோலை, பெறுபவர் எண்ணெய் எரிக்கிறாரா விறகு எரிக்கிறாரா, அவருக்குப் பில் வருகிறதா, வாடகையிலேயே கணப்பு அடங்கியிருக்கிறதா என்று கேட்கவில்லை. அதே வருமானத்தில் வாழ்ந்தும் அந்தப் பட்டியலில் இல்லாத கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது வரவுமில்லை. 80 கோடி மாநிலங்கள் வழியாகவும், இன்னொரு 40 கோடி சமூகச் சேவை நிர்வாகத்தின் அவசர நிதியாகவும் போனது.

1981-இல் ரீகன் ஆட்சிக்கு வந்தார். வேறோர் அவசர உதவித் திட்டத்தோடு இதைச் சேர்த்து, தொகையில் கால் பங்கைக் குறைத்து, மாநிலங்களிடம் ஒப்படைத்துவிடுவது அவருடைய முன்மொழிவு. குளிர் மாநிலங்களைச் சேர்ந்த உறுப்பினர்கள் இரு கட்சியிலும் இருந்தார்கள். அவர்கள் இணைப்புக்குச் சம்மதிக்கவில்லை. 1981 ஆகஸ்ட் 13 அன்று கையெழுத்தான பெரும் நிதிச் சட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீட்டு எரிசக்தி உதவித் திட்டம் தனிப் பெயரோடு இடம்பெற்றது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் ‘லைஹீப்’ என்கிறார்கள். சமூகச் சேவை நிர்வாகம் கலைக்கப்பட்டது. ஆனால் சிற்றூர்களில் விண்ணப்பம் வாங்கும் வேலை பெரும்பாலும் பழைய சமூகச் செயல் அமைப்புகளிடமே தொடர்ந்தது.

லைஹீப் ஒரு தொகுப்பு மானியம். மத்திய அரசு ஒரு மொத்தத் தொகையை மாநிலத்துக்கும் பழங்குடி அரசுகளுக்கும் கொடுக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை அவை தீர்மானிக்கும். வறுமைக்கோட்டின் 150 சதவீதம், அல்லது மாநில இடைநிலை வருமானத்தின் 60 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுதான் வருமான உச்சவரம்பு. தகுதியுள்ள குடும்பத்துக்கான தொகை பெரும்பாலும் அவர்கள் கைக்கு வருவதில்லை. எரிவாயு நிறுவனத்துக்கோ எண்ணெய் வியாபாரிக்கோ நேராகப் போய், பில்லில் வரவாகக் கழியும். நிதியில் ஒரு பகுதியை மார்ச் 15 வரை நெருக்கடிகளுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். நெருக்கடி விண்ணப்பத்துக்கு 48 மணி நேரத்துக்குள்ளும், உயிருக்கு ஆபத்து என்றால் 18 மணி நேரத்துக்குள்ளும் ஏதாவது ஓர் உதவி செய்தாக வேண்டும் என்கிறது சட்டம். 15 சதவீதம் வரை வீட்டுக் காப்பு வேலைகளுக்குச் செலவிடலாம். வெயில் காலத்தில் குளிர்விக்கும் செலவுக்கும் கொடுக்கலாம்.

இதில் மிகப் பெரிய குறை, தகுதி இருந்தாலும் உரிமை கிடையாது என்பது. உணவு முத்திரைத் திட்டத்தில் தகுதியுள்ளவர் விண்ணப்பித்தால் கொடுத்தே ஆக வேண்டும். இங்கே நிதி தீர்ந்தால் அலுவலகம் கையை விரித்துவிடும். பிப்ரவரியில் வேலை இழந்தவர், நவம்பரிலேயே விண்ணப்பித்தவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இருக்கிற பணத்தை மாநிலங்களுக்கிடையே எப்படிப் பிரிப்பது என்பதில் நீண்ட சண்டை நடந்தது. அடிப்படை அளவு ‘கணப்புப் பாகை நாள்’. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே எத்தனை பாகை இறங்குகிறதோ அத்தனை பாகை நாள். சராசரி 25 என்றால் அந்த நாளின் கணக்கு 40. ஆண்டு முழுவதையும் கூட்டினால் ஓர் ஊரின் குளிர் ஓர் எண்ணாகிவிடும். 1980-ஆம் ஆண்டின் வாய்பாடு இந்தக் குளிருக்கே அதிக எடை கொடுத்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டின் பங்கு விகிதங்களை அப்படியே நிலைநிறுத்தியது. தெற்கு மாநிலங்கள் இதை ஏற்கவில்லை. வெப்பமும் ஆளைக் கொல்லும், குளிர்சாதனம் இல்லாத தகரக்கூரை வீட்டின் முதியவர் கணக்கில் வரவேண்டாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

1984-இல் வாய்பாடு மாற்றப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் ஒரு மாநிலத்தில் எரிசக்திக்கு உண்மையில் செலவிடும் தொகையே இனி அடிப்படை; குளிர்விப்பும் அதில் சேரும். வடக்கு மாநிலங்கள் ஒரு காப்பு கேட்டுப் பெற்றன. மொத்த ஒதுக்கீடு 197.5 கோடி டாலரைத் தாண்டினால்தான் புதிய வாய்பாடு. இல்லையென்றால் பழைய விகிதமே. 1985-இல் ஒதுக்கீடு 210 கோடியை எட்டியது. அதிலும் அடுத்த ஆண்டிலும் புதிய வாய்பாடு நடப்பில் இருந்தது. 1987-இல் தொகை அந்த வரம்புக்குக் கீழே விழுந்தது, பின் நூற்றாண்டு முடியும்வரை அதைத் தொடவில்லை. தெற்கு மாநிலங்கள் வென்ற வாய்பாடு ஏட்டில் கிடந்தது.

சரிவுக்குக் காரணம் இரண்டு. உலகச் சந்தையில் எண்ணெய் விலை 1986-இல் சரிந்ததும், நெருக்கடி முடிந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது. இன்னொன்று அதே ஆண்டில் எதிர்பாராமல் வந்த பணம். விலைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கூடுதல் விலை வசூலித்த வழக்கில் எக்ஸான் நிறுவனம் சுமார் 210 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. அந்தத் தொகை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. எரிசக்தி உதவிக்கும் அதைப் பயன்படுத்தலாம். மாநிலங்களிடம் வேறு பணம் இருக்கிறதே என்று காங்கிரஸ் தன் பங்கைக் குறைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் வழக்குப் பணம் தீர்ந்தது. குறைத்த தொகை மீளவில்லை. 1990-இல் ஒதுக்கீடு 144 கோடி டாலர் அளவில் இருந்தது. இடைவெளியைத் தனியார் முயற்சிகள் கொஞ்சம் நிரப்பின. ராபர்ட் கென்னடியின் மகன் ஜோசப் கென்னடி 1979-இல் பாஸ்டனில் தொடங்கிய சிட்டிசன்ஸ் எனர்ஜி நிறுவனம், வெனிசுவேலா கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்துக் கிடைத்த லாபத்தைக் கொண்டு ஏழைகளுக்குக் கணப்பு எண்ணெயைக் குறைந்த விலைக்குக் கொடுத்தது.

1989 டிசம்பரின் கடுங்குளிரில் எண்ணெய், புரொப்பேன் விலைகள் திடீரென்று எகிறின. மறு ஆண்டு குவைத் மீதான படையெடுப்பு விலையை மறுபடி ஏற்றியது. ஆண்டின் தொடக்கத்தில் நிர்ணயித்த தொகை இத்தகைய அதிர்ச்சிகளுக்கு ஈடுகொடுக்காது என்பது தெளிவானது. 1994-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், கடுங்குளிர், கடும் வெப்பம், விலையேற்றம் ஆகியவற்றின்போது அதிபர் விடுவிக்கக்கூடிய அவசர நிதிக்கு ஆண்டுக்கு 60 கோடி டாலர் வரை நிரந்தர அனுமதி கொடுத்தது. வருமானம் மிகக் குறைந்து, அதில் எரிசக்திக்கே பெரும்பங்கு போகும் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்பதையும் அந்தச் சட்டம் வலியுறுத்தியது.

மறு ஆண்டே திட்டம் முழுதாகப் பறிபோகும் நிலை வந்தது. 1995 ஜூலை நடுவில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் ஏழைகள், முதியவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள். சில வாரங்களில், ஆகஸ்ட் தொடக்கத்தில், பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய நிதி மசோதாவில் லைஹீப்புக்கு ஒதுக்கீடே இல்லை. எண்ணெய் நெருக்கடிக்காக வந்த திட்டம், நெருக்கடி போனபின் எதற்கு என்பது வாதம். 1980-இல் இதை ஏழைகளின் நிலையான தேவையாகக் கருதாமல் விலை அதிர்ச்சிக்கான ஈடாக எழுதிவைத்ததன் விளைவு அது. விலை இறங்கியிருந்தாலும், குடும்ப வருமானத்தில் எரிசக்தி பிடிக்கும் பங்கு ஏழைகளுக்கு மற்றவர்களைவிடப் பலமடங்காகவே இருந்தது என்ற பதிலுக்கு அந்தச் சபையில் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

செனட் சபை திட்டத்தை மீட்டது. ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் வரவு செலவுத் தகராறால் மத்திய அரசே இரண்டு முறை முடங்கியது. இரண்டாவது முடக்கம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 6 வரை நீடித்தது. முடக்கம் முடிந்த அதே நாளில் கிழக்குக் கடற்கரையைப் பெரும் பனிப்புயல் தாக்கத் தொடங்கியது. 1996-க்கான ஒதுக்கீடு இறுதியானது ஏப்ரல் கடைசியில், வடக்கு மாநிலங்களில் பனி உருகிக்கொண்டிருந்தபோது. தொகை 90 கோடி டாலர். அதன்மேல் அவசர நிதியாக 18 கோடி. 1985-இல் கொடுத்ததில் பாதிக்கும் குறைவான அடிப்படைத் தொகை அது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இன்னும் குறைவு. 1980-களின் தொடக்கத்தில் தகுதியுள்ள குடும்பங்களில் பத்துக்கு மூன்று கணப்பு உதவி பெற்றன. 1990-களின் இறுதியில் அது பத்துக்கு இரண்டைக்கூட எட்டவில்லை. அந்த 90 கோடியும், புதிய வாய்பாட்டுக்கான வரம்பைத் தொடாததால், 1981-ஆம் ஆண்டின் விகிதப்படியே மாநிலங்களுக்குப் பிரிக்கப்பட்டது.